மலையாடும் மயக்க ஊசியும்

போன வாரம் ராத்திரி ஒன்பது மணி இருக்கும். கஞ்சி குடித்துவிட்டு மாத்திரை டப்பாவைத் தேடிக்கொண்டிருந்தேன். வாட்ஸ்அப்பில் பேத்தி கூப்பிட்டாள். அங்கே அப்போது மாலை ஐந்தரை. வழக்கமாக ஞாயிற்றுக்கிழமைதான் பேசுவாள். அன்று வியாழன்.

"தாத்தா, இன்னிக்கு ஒண்ணு என் கையில செத்துப்போச்சு" என்றாள். அதற்குமேல் பேச வரவில்லை அவளுக்கு.

என் பதிவுகளைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு இந்தப் பேத்தியைத் தெரியும். பெரிய மகளின் பெண். மாப்பிள்ளை வீட்டார் பிரெஞ்சுக் குடியுரிமைக்காரர்கள், ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் இருக்கிறார்கள். பேத்தி லியோன் பக்கம் கால்நடை மருத்துவம் படித்தவள். நாய் பூனைக்கு ஊசி போட்டுக்கொண்டு நிம்மதியாக இருக்கலாம். அதை விட்டுவிட்டு மலையாடுகளைப் பிடித்துச் சோதிக்கும் குழுவில் சேர்ந்துகொண்டாள். "பிடித்து" என்றால் வலை போட்டு இல்லை. தூரத்திலிருந்து மயக்க ஊசியைச் சுட்டு, விழவைத்து, ரத்தம் எடுத்து, காதில் அடையாளம் மாட்டி, மறுபடி எழுப்பி அனுப்பும் வேலை.

அந்த ஆட்டுக்கு பிரெஞ்சில் பூக்தேன் என்று பெயர். நம் வரையாட்டுக்குத் தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிடாவுக்குக் கொம்பு ஒரு மீட்டர் வரை வளரும், பின்னோக்கி அரிவாள் மாதிரி வளைந்திருக்கும். எடை நூறு கிலோவைத் தொடும், பெட்டை அதில் பாதிதான். ஷமுவா என்று இன்னொரு மலையாடும் உண்டு, அது சின்னது, கூச்சம் அதிகம். அந்தச் சொல்லை நான் முதலில் படித்தது புதுச்சேரிப் பள்ளிக்கூடத்தில், தோதே எழுதிய சேகேன் துரையின் ஆட்டுக் கதையில். ஓத்து வகுப்புப் பையனுக்கு ஷமுவா என்றால் என்னவென்று தெரியாது. வாத்தியாருக்கும் தெரியாது என்று இப்போது நினைக்கிறேன். "மலையில் இருக்கும் ஒரு வகை ஆடு, அடுத்த வரி" என்று போய்விட்டார்.

அறுபது வருடம் கழித்து, 2023 ஜூன் மாதம், அந்த ஆடுகளை நேரில் பார்த்தேன். மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது பேத்தி தன் குழுவிடம் அனுமதி கேட்டு என்னை அழைத்துப் போனாள். நிபந்தனை இரண்டு. மேய்ச்சல்காரர் குடிசை வாசலை விட்டு நகரக்கூடாது, இருமக்கூடாது. இரண்டாவதுதான் சிரமம். முழங்கால் வலிக்கு முதலாவது வசதியாகவே இருந்தது.

விடியற்காலை நான்கு மணிக்குக் கிளம்பினோம். வெயில் ஏறுவதற்குள் வேலை முடிய வேண்டும். மயக்கத்தில் கிடக்கும் விலங்கால் தன் உடல் சூட்டைச் சமாளிக்க முடியாது. ஓடி வேறு களைத்திருந்தால் சூடு மளமளவென்று ஏறும், மூளை வெந்துவிடும் என்றாள் பேத்தி. அதனால் கோடையில் விடியற்காலை. குளிர்காலத்திலோ உறைபனிச் சரிவு, குட்டி போடும் நேரத்துக்கு முன் சினைப் பெட்டை. பஞ்சாங்கம் பார்ப்பது போல மாதம் பார்த்துத்தான் இந்த வேலை.

அவர்கள் ஐந்து பேர். ஒருவர் சுடுபவர். ஒருத்தி மருத்துவர், என் பேத்தி. இரண்டு பேர் பிடிப்பதற்கு. ஐந்தாவது ஆள் எதிர்ச் சரிவில் தொலைநோக்கியோடும் வாக்கி-டாக்கியோடும் உட்கார்ந்திருப்பார். அவருக்கு ஒரே வேலைதான். ஊசி பட்ட ஆட்டை விட்டுக் கண்ணை எடுக்கக்கூடாது. இவரைப் பற்றிப் பிறகு சொல்ல வேண்டியிருக்கும்.

துப்பாக்கி என்றதும் வெடிச்சத்தம் என்று நினைத்திருந்தேன். இல்லை. அழுத்தி வைத்த வாயுவால் தள்ளுவது, "தப்" என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். முதலில் ஒரு கருவியால் தூரத்தை அளக்கிறார்கள். முப்பது மீட்டர் என்றால் இவ்வளவு அழுத்தம், இருபது மீட்டர் என்றால் இவ்வளவு என்று கணக்கு. அழுத்தம் கூடினால் ஊசி எலும்பை உடைக்கும், குறைந்தால் பாதி வழியில் விழும். குறி பின்னந்தொடைச் சதை, வேறெங்கும் இல்லை. வயிற்றில் பட்டால் ஆடு போச்சு.

அந்த ஊசியை ஒருநாள் மேசைமேல் வைத்துக் காட்டினாள். சின்ன பிளாஸ்டிக் குழல். முன்னறையில் மருந்து, பின்னறையில் அழுத்திய காற்று. ஊசி முனையில் ஓட்டை கிடையாது, பக்கவாட்டில்தான் ஓட்டை. அதன்மேல் ஒரு ரப்பர் உறை. ஊசி தோலுக்குள் நுழையும்போது உறை பின்னால் நகர்ந்து ஓட்டை திறந்துகொள்ளும். காற்று தள்ள, மருந்து சதைக்குள் இறங்கிவிடும். வாலில் ரோஸ் கலரில் ஒரு குஞ்சம், புல்லில் விழுந்தால் தேடி எடுப்பதற்கு. மருந்தோடு கிடக்கும் ஊசியை ஒரு குழந்தை எடுத்தால் என்ன ஆகும்? ஆகவே எண்ணி எடுத்துப் போய் எண்ணித் திரும்பக் கொண்டுவர வேண்டும். இருப்புப் பதிவேடு வைத்திருந்தவனுக்கு இந்த இடம் மனசுக்குப் பிடித்துப்போயிற்று.

இந்தத் துப்பாக்கியைக் கண்டுபிடித்தவர் காலின் மர்டாக் என்ற நியூசிலாந்துக்காரர், மருந்துக் கடைக்காரர். தூக்கி எறியும் பிளாஸ்டிக் ஊசியும் அவர் கண்டுபிடிப்புதான். அவருக்கு இந்த யோசனை வந்ததே அங்கே மலைகளில் திரிந்த காட்டு ஆடுகளை ஆராயப் போன இடத்தில் என்கிறார்கள். யானைக்கும் புலிக்கும் என்று நாம் நினைக்கும் துப்பாக்கி ஆட்டுக்காகப் பிறந்தது.

மருந்து இரண்டு. சைலசின், கெட்டமின். இரண்டும் முதலில் தயாரானது 1962-ல், புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்த அதே வருடம். சைலசினை ஜெர்மானியர்கள் ரத்தக் கொதிப்புக்காகத் தயாரித்தார்கள். மனிதருக்கு ஒத்துவரவில்லை, மாட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. அது தூக்கமும் தளர்ச்சியும் தரும். ஆனால் பயந்த விலங்கு அதை உதறிக்கொண்டு எழுந்துவிடும். கெட்டமின் அந்த வழியை அடைக்கும். மியூனிக் நகரத்து ஹெல்லாபுருன் விலங்குக் காட்சிசாலையில் இரண்டையும் கெட்டியாகக் கலந்து ஒரு கலவை செய்தார்கள். மில்லிக்கு 125 மில்லிகிராம் சைலசின், 100 மில்லிகிராம் கெட்டமின். ஊசிக்குழல் சின்னதாக இருந்தால்தான் நேராகப் பறக்கும், அதற்காகத்தான் இவ்வளவு கெட்டி. அந்த ஊர்ப் பெயரிலேயே கலவைக்கும் பெயர்.

அதில் ஒரு சிக்கல். சைலசினுக்கு மாற்று மருந்து உண்டு. அட்டிபாமெசோல் என்று ஒன்றைப் போட்டால் சில நிமிடத்தில் ஆடு எழுந்து நிற்கும். கெட்டமினுக்கு மாற்று கிடையாது. அவசரப்பட்டு மாற்று மருந்தைப் போட்டால் சைலசின் மட்டும் விலகி, கெட்டமின் மிச்சமிருக்கும். ஆடு விறைத்துத் துள்ளி, தள்ளாடி, பாறையில் விழும். அதனால் கெட்டமின் தானாக இறங்கும்வரை காத்திருந்து எழுப்ப வேண்டும். ரொம்பக் காத்திருந்தாலும் தப்பு, மூச்சு குறைந்துகொண்டே போகும்.

நான் பார்த்த காலை நன்றாகவே நடந்தது. ஒரு கிடா, சுமார் எட்டு வயது. கொம்பின் பின்பக்க வளையங்களை எண்ணினால் வயது சொல்லலாம், மரத்துக்கு எண்ணுவது போல. ஊசி பட்டதும் ஒரு துள்ளு துள்ளியது. நாலடி ஓடியது. பிறகு, நான் எதிர்பார்க்கவே இல்லை, குனிந்து மறுபடி மேய ஆரம்பித்தது. யாரும் அசையவில்லை. இந்த நிமிடங்களில்தான் எல்லாமே இருக்கிறது என்று பேத்தி முன்பே சொல்லியிருந்தாள். துரத்தினால் ஆடு மேலே பாறைக்கு ஓடும், அங்கே மயக்கம் வந்தால் முந்நூறு அடி கீழே விழும். அதனால் சுடுவதற்கு முன்பே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் உண்டு. கீழே பள்ளம் இருக்கிறதா? ஓடை இருக்கிறதா? பெட்டையென்றால் பக்கத்தில் குட்டி நிற்கிறதா? மேகம் எப்படி? ஒன்றுக்குப் பதில் சரியில்லை என்றாலும் துப்பாக்கியைத் தாழ்த்திவிட வேண்டும். வெறுங்கையோடு திரும்பிய நாட்கள்தான் அதிகம் என்றாள்.

ஏழெட்டு நிமிடத்தில் கிடாவின் தலை தொங்கியது. பின்னங்கால் பின்னியது. கல்யாணப் பந்தியில் தூங்கும் கிழவர் மாதிரி மெல்ல உட்கார்ந்தது. இன்னும் ஐந்து நிமிடம் விட்டுவிட்டுத்தான் போனார்கள். அதுவும் பள்ளத்துப் பக்கமிருந்து. எழுந்து ஓடினாலும் மேட்டைப் பார்த்து ஓடட்டும் என்று.

முதலில் கண்ணைக் கட்டினார்கள், காதில் பஞ்சு. அப்புறம் ஆட்டை மார்பு தரையில் படும்படி உட்கார்த்தி, கழுத்தை உயர்த்தி, மூக்கு மட்டும் கீழ்நோக்கி இருக்கும்படி ஒருவர் பிடித்துக்கொண்டார். அரை மணி நேரமும் அவர் கை மாறவே இல்லை. ஏன் என்று கேட்டேன். "அசைபோடுற விலங்கு தாத்தா. வயிறு ஒரு பானை, எப்பவும் புளிச்சுப் பொங்கிட்டே இருக்கும். ஏப்பம் விட்டுத்தான் காத்து வெளியே போகணும். மயக்கத்துல ஏப்பம் வராது. பக்கவாட்டுல சாஞ்சா உப்பி நெஞ்சை அமுக்கிடும், வயித்துல இருக்கிறது தொண்டைக்கு வந்து நுரையீரலுக்குள்ள போயிடும். மருத்துவமனை மாடுன்னா முந்தின நாள் பட்டினி போடலாம். மலையாட்டுக்கிட்ட போய், நாளைக்கு ஊசி, இன்னிக்குச் சாப்பிடாதேன்னு யார் சொல்றது?"

அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். நான் சிரிக்கவில்லை. அதன் காரணம் பின்னால் வரும்.

ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சூடு, மூச்சு, நாடி பார்த்துத் தாளில் எழுதினாள். நாக்கில் ஒரு கிளிப் மாட்டி ரத்தத்தில் எவ்வளவு பிராணவாயு என்று பார்த்தாள். மூக்கில் மெல்லிய குழாய் வழியாக ஆக்சிஜன். சைலசின் அசைபோடும் விலங்குகளின் நுரையீரலைக் கொஞ்சம் படுத்தும், மலைமேல் காற்றும் மெலிது. கழுத்து நரம்பில் ரத்தம் எடுத்தாள். காதில் நிறப் பட்டைகள். கண்ணில் களிம்பு, இமை மூடாமல் கிடப்பதால் காய்ந்துவிடக்கூடாதென்று. கடைசியில் எழுப்பும் ஊசி, கண்கட்டை அவிழ்த்துவிட்டு எல்லோரும் பின்வாங்கினார்கள். கிடா எழுந்து, உடம்பைச் சிலிர்த்து, எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு நடந்தது. ஓடக்கூட இல்லை. எனக்குக் கண் கலங்கியது, குளிர் என்று சொல்லிச் சமாளித்தேன்.

எதற்காக இவ்வளவு பாடு என்று கேட்பீர்கள். 1800-களின் ஆரம்பத்தில் இந்த ஆடு ஆல்ப்ஸ் முழுவதும் வேட்டையில் அழிந்து, இத்தாலியின் கிரான் பாரதீசோ மலையில் நூறுக்கும் குறைவாக மிஞ்சியது. 1856-ல் அரசர் அந்த மலையைத் தன் வேட்டைக்கென்று ஒதுக்கிக்கொண்டார். அரசரின் பேராசை ஆட்டைக் காப்பாற்றியது. மலைக்கு அந்தப் பக்கம் 1963-ல் பிரான்சின் முதல் தேசியப் பூங்கா, வனுவாஸ், வந்தது. ஆடுகளைப் பிடித்து வேறு மலைகளில் கொண்டுபோய் விட்டு விட்டுத்தான் இன்று பிரான்சில் சுமார் பத்தாயிரம் இருக்கின்றன. 1981 முதல் வேட்டைக்குத் தடை.

பிறகு 2012-ல் ஓத்-சவுவா மாவட்டத்தில் பச்சைப் பாலில் செய்த பாலாடைக்கட்டி சாப்பிட்ட சிறுவனுக்கு புரூசெல்லோசிஸ் காய்ச்சல் வந்தது. மாடுகளில் அந்த நோய் ஒழிந்துவிட்டது என்று 2005-லேயே அறிவித்திருந்த நாடு அது. தேடிப் போனால் பார்ஜி மலையின் பூக்தேன்களிடம் நோய் இருக்கிறது. பழைய காலத்தில் கால்நடையிடமிருந்துதான் அவற்றுக்குத் தொற்றியிருக்கும் என்று கருதுகிறார்கள், அது வேறு கதை. பால்காரர்கள் எல்லாவற்றையும் சுடு என்றார்கள், விலங்கு நேசர்கள் ஒன்றைக்கூடத் தொடாதே என்றார்கள். 2013-ல் இருநூறுக்கு மேல் சுட்டார்கள். சுட்ட பிறகும் நோய் போகவில்லை. அதன்பின் வந்த வழிகளில் ஒன்றுதான் இந்த மயக்க ஊசி. பிடி, அங்கேயே ரத்தத்தைச் சோதி, நோய் இருந்தால் எழுப்பாதே, இல்லையென்றால் அடையாளம் மாட்டி அனுப்பு. இந்த நோயின் பெயர் எனக்குப் புதிதில்லை. கிடேரிக் கன்றுகளுக்கு நாலு மாதத்திலிருந்து எட்டு மாதத்துக்குள் போடும் தடுப்பூசியின் கோப்பு பல வருடம் என் மேசையில் இருந்தது.

நம் நீலகிரி வரையாட்டுக்கும் இப்போது திட்டம் வந்திருக்கிறது, 2022 டிசம்பரில் அறிவித்தார்கள். 2024 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 1,031. சோலைப் புல்வெளி, செங்குத்துப் பாறை, சட்டென்று இறங்கும் மேகம். அந்த மேகத்தைப் பற்றிப் பேத்தியிடம் சொல்லியிருந்தேன், ஊட்டிப் பக்கம் போனபோது பார்த்ததை வைத்து. அவளுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

வியாழக்கிழமை நடந்தது இது. எந்த மலை, எந்த அலுவலகம் என்று இங்கே எழுதப்போவதில்லை. ஒரு பெட்டை ஆடு, குட்டி இல்லை. சரிவு நல்ல சரிவு. மேற்கே மட்டும் கொஞ்சம் மேகம். சுடுபவர் திரும்பி இவளைப் பார்த்தார். கடைசி வார்த்தை மருத்துவருடையது. இரண்டு நாள் வெறுங்கையோடு திரும்பியிருந்தார்கள். இவள் தலையசைத்தாள். ஊசி நன்றாகவே பட்டது. ஆடு மேய்ந்துகொண்டே மெல்ல மேலேறியது. மேகம் வந்தது. எதிர்ச் சரிவில் இருந்தவர் வாக்கி-டாக்கியில் "தெரியவில்லை, தெரியவில்லை" என்று இரண்டு முறை சொன்னாராம். நாற்பது நிமிடம் கழித்துக் கண்டுபிடித்தார்கள். ஒரு பாறை இடுக்கில், தலை கீழ்ப்புறமாக, இடது பக்கம் சாய்ந்து, வயிறு உப்பி, வாயில் பச்சையாக நுரை. உடம்பு இன்னும் சூடாக இருந்தது என்றாள்.

"எனக்கு மேகம் தெரிஞ்சது தாத்தா. தெரிஞ்சுதான் சரின்னேன்."

எல்லோரும் அவளுக்கு ஆறுதல் சொல்லியிருந்தார்கள். இந்தத் தொழிலில் நடப்பதுதான், எத்தனை எச்சரிக்கையாக இருந்தாலும் சில போகத்தான் செய்யும் என்று. அது உண்மையும்கூட. நானும் அதையே சொல்ல வாயெடுத்தேன். இடது பக்கம் சாய்ந்து, வயிறு உப்பி, வாயில் பச்சை நுரை என்று அவள் சொன்னது காதில் நின்றுகொண்டது. முப்பத்தெட்டு வருடத்துக்கு முன்னால் இதே வார்த்தைகளை ஒரு கம்பவுண்டர் என்னிடம் சொல்லியிருக்கிறார்.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. மனைவியிடம்கூட. அவள் போய் நான்கு வருடம் ஆகிறது.

1987. மாடுகளைப் பார்க்கும் ஓர் அரசு அலுவலகத்தில் நான் மருந்து இருப்புக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். பிரெஞ்சில் படித்துவிட்டு ஆங்கிலத்தில் கோப்பு எழுத வேண்டிய தலைமுறை நாங்கள். தப்பு வந்துவிடுமோ என்ற பயத்திலேயே முந்தின பக்கத்தைப் பார்த்து எழுதிப் பழகியவன். பதிவேட்டில் மேலே உள்ளதையே திரும்ப எழுத வேண்டாம் என்று இரண்டு கோடு போடுவோம், டிட்டோ. அந்த மாதம் சைலசின் பன்னிரண்டு குப்பி வந்தது. எப்போதும் வருவது மில்லிக்கு 20 மில்லிகிராம். அன்று வந்தது 100. பில்லில் 100 என்றுதான் போட்டிருந்தது. நான் பில்லில் எண்ணிக்கையை மட்டும் பார்த்தேன். மருந்தின் பெயருக்குக் கீழே டிட்டோ, அளவுக்குக் கீழேயும் டிட்டோ. அலமாரியில் 20 என்ற சீட்டு ஒட்டிய தட்டில் குப்பிகளை அடுக்கிவிட்டேன்.

குதிரைக்கு வேண்டிய அளவில் பத்தில் ஒரு பங்கு போதும் மாட்டுக்கு, சைலசினில் மாடு அவ்வளவு மென்மை. பத்து நாள் கழித்து, ஒரு கொம்யூனில் பால் விற்றுப் பிழைக்கும் ஒரு அம்மாவின் பசுவுக்குக் கொம்பு முறிந்து சீழ் பிடித்திருந்தது. டாக்டர் போனார். சாயங்காலம், கரண்டு இல்லை. கம்பவுண்டர் டார்ச் வெளிச்சத்தில் ஒன்றரை மில்லி ஏற்றினார். காலையிலிருந்து நன்றாகத் தின்றிருந்த மாடு. ஒடுங்கிய கொட்டகையில் இடது பக்கமாகச் சாய்ந்து விழுந்தது. நாலு பேர் சேர்ந்தும் புரட்ட முடியவில்லை. விளக்கு வருவதற்குள் முடிந்துவிட்டது.

மறுநாள் கம்பவுண்டர் சொல்லக் கேட்டபோதே எனக்கு வயிற்றில் ஏதோ பிசைந்தது. எல்லோரும் சாப்பிடப் போன பிறகு அலமாரியைத் திறந்து குப்பியைப் படித்தேன். அதே அளவுக் குப்பி, அதே நீல எழுத்து, எண் மட்டும் வேறு. மருத்துவர் குப்பியைப் படித்திருக்க வேண்டாமா என்று கேட்கலாம். அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டுதான் நானும் அத்தனை வருடம் ஓட்டினேன். ஆனால் நான் செய்தது அதோடு நிற்கவில்லை. மிச்சமிருந்த குப்பிகளைத் தவறாக வந்த சரக்கு என்று வாய்வார்த்தையாகச் சொல்லி மருந்துக்காரரிடம் கொடுத்து 20-ஆக மாற்றி வாங்கி வைத்தேன். பில்லைக் கிழிக்கவில்லை, அந்தத் துணிச்சல் எனக்கில்லை. சம்பந்தமில்லாத ஒரு கோப்பில் வைத்துத் தைத்துவிட்டேன்.

விசாரணை வந்தது. பதிவேட்டில் 20. அலமாரியில் 20. அப்படியானால் அளவு தப்பியது டாக்டரின் கையில்தானே. ஒருநாள் அவர் என் மேசைக்கு வந்தார். "குப்பில நம்பர் வேற மாதிரி இருந்துச்சுன்னு கம்பவுண்டர் சொல்றாருப்பா. உனக்கு ஏதாவது தெரியுமா?" என்றார். அவர் என்னைவிட நாலு வயதுதான் பெரியவர், எல்லோரையும் அப்பா என்றுதான் பேசுவார்.

"தெரியாது சார்" என்றேன்.

ஒரு வருட ஊதிய உயர்வை நிறுத்தி வைத்தார்கள். அந்த மெமோவைத் தட்டச்சு செய்ததும் நான்தான். ஆபீஸ் ஆங்கிலத்தில் ஒரு சௌகரியம், செய்தவன் பெயரே இல்லாமல் வாக்கியம் எழுதலாம். காணப்பட்டது, செலுத்தப்பட்டது, கவனக்குறைவு நிகழ்ந்துள்ளது. டாக்டர் அந்த அம்மாவுக்குத் தன் கையிலிருந்து ஆயிரத்து ஐந்நூறு கொடுத்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன். அதில் பாதி மாட்டைக்கூட வாங்க முடியாது. டாக்டர் இறந்து ஆறு வருடம் ஆகிறது. மாலை வாங்கிக்கொண்டு போனேன். அவர் மகன் என் கையைப் பிடித்து, அப்பா உங்களைப் பற்றி நல்லபடியாகச் சொல்வார் என்றான். அப்போதும் சொல்லவில்லை.

இத்தனையையும் பேத்தியிடம் வியாழக்கிழமை ராத்திரி சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. அவளுக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துச் சொல்லவில்லை, அது மட்டும் தெரியும். வெகுநேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன்.

"அந்தம்மா பேர் என்ன தாத்தா?" என்றாள்.

சொன்னேன். மறக்கவில்லை. ஊர் பெயரையும் சொன்னேன்.

"உங்களை என்ன சொல்றதுன்னு தெரியல" என்றாள். திட்டியிருந்தாலும் சரியாகத்தான் இருந்திருக்கும்.

சனிக்கிழமை ஒரு மின்னஞ்சல். ஒவ்வொரு சாவுக்கும் அவர்கள் அறிக்கை எழுத வேண்டும். ஊசி பட்ட நேரம், தூரம், மருந்து அளவு, வானிலை, கண்டெடுத்த நிலை, யார் என்ன முடிவு எடுத்தார்கள் என்பது வரை. அடுத்தமுறை வேறு குழு அதைப் படிக்கும். என் பிரெஞ்சு பழைய காலத்துப் பள்ளிக்கூடப் பிரெஞ்சு, இலக்கணம் மட்டும் பிசகாது, அதனால் இப்படிப்பட்டவற்றை எனக்கு அனுப்பிப் பிழை பார்க்கச் சொல்வாள். இந்த முறையும் அனுப்பியிருந்தாள். வேறு ஒரு வார்த்தையும் இல்லை. "பிழை இருந்தால் சொல்லுங்கள் தாத்தா" மட்டும்.

இரண்டு பக்கம். நல்ல பிரெஞ்சு. ஒரு கமா இடம் மாறியிருந்தது, ஒரு வினைமுற்று ஒருமை பன்மை பிசகியிருந்தது. இரண்டாம் பக்கத்தில், "மேற்கில் மேகம் காணப்பட்ட நிலையில் சுடுவதென்று முடிவு செய்யப்பட்டது, பின்னர் விலங்கு பார்வையிலிருந்து இழக்கப்பட்டது" என்று பொருள்படும்படி ஒரு வாக்கியம். இலக்கணப்படி அதில் தப்பே இல்லை.

கமாவையும் வினைமுற்றையும் திருத்திவிட்டு, அந்த வாக்கியத்தின் அடியில் பென்சிலால் கோடு போட்டு, படம் எடுத்து அனுப்பினேன். ஓரத்தில் ஒரே ஒரு கேள்வி எழுதினேன். காணப்பட்டது யாரால்? முடிவு செய்தது யார்?

அன்று ராத்திரி பதில் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் கூப்பிடவில்லை. மகளுக்குப் போன் செய்து கேட்கலாமா என்று இரண்டு முறை எடுத்து வைத்துவிட்டேன். திங்கட்கிழமை காலை பார்த்தபோது திருத்திய அறிக்கை வந்திருந்தது. "மேற்கில் மேகத்தை நான் பார்த்தேன். சுடலாம் என்று நான் சொன்னேன்."

அதன் கீழே தமிழில், அவளுக்கு வரும் அந்த நெளிந்த எழுத்தில், "டாக்டரோட பையன் நம்பர் உங்ககிட்ட இருக்கா தாத்தா?" என்று கேட்டிருந்தாள்.

இருக்கிறது. டெலிபோன் டைரியில் டாக்டரின் பெயருக்குக் கீழே எழுதி வைத்திருக்கிறேன். நாளைக் காலை அவர் நடைக்குப் போய்த் திரும்பும் நேரம் பார்த்துப் பேசலாம் என்றிருக்கிறேன்.